விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடும் முன்: பிரிந்து வாழ நினைக்கும் தம்பதியருக்கு மதுரையில் உள்ள சட்ட வழிகள்

இனி ஒரே வீட்டில் இருக்க முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்ட கணவன் மனைவி பலரும், சேர்ந்திருப்பது அல்லது விவாகரத்து என்று இரண்டே வழிதான் உண்டென்று நினைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே சட்டத்தில் இன்னும் பல வழிகள் உள்ளன. திருமணத்தை முறிக்காமலே பிரிந்து வாழலாம், செலவுக்குப் பணம் வாங்கலாம், வீட்டில் தங்கும் உரிமையை உறுதி செய்துகொள்ளலாம், பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்யலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஒரு தாளும் எழுதாமல், யாரிடமும் பதியாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய் நாலைந்து வருடம் அப்படியே இருந்துவிடுவது. அந்த மௌனத்தை எதிர்த்தரப்பு பிறகு "காரணமில்லாமல் விட்டுப் போய்விட்டார்" என்று நீதிமன்றத்தில் எழுதும். அப்போது அதை மறுத்துக் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

உங்களுக்கு எது தேவை?

வக்கீலைப் பார்க்கும் முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் இதை எழுதிப் பாருங்கள். உயிருக்கும் உடம்புக்கும் பாதுகாப்பு வேண்டுமா? மாதச் செலவுக்குப் பணம் வேண்டுமா? கொஞ்ச காலம் விலகி இருந்து யோசிக்க வேண்டுமா? நிரந்தரமாகப் பிரிந்தாலும் மறுமணம் வேண்டாம் என்ற எண்ணமா? அல்லது இந்தத் திருமணமே ஏமாற்றி நடத்தப்பட்டதா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மனு. செலவுப் பணம் மட்டும் தேவைப்படுகிறவர் விவாகரத்து வழக்குப் போட்டு வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதும், பாதுகாப்பு தேவைப்படுகிறவர் ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பதும் இங்கே சாதாரணமாக நடக்கிறது.

அடியும் மிரட்டலும் இருந்தால்

மற்றதை எல்லாம் ஒத்திவையுங்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் குற்றவியல் நடுவரிடம் மனு கொடுக்கலாம். எந்த மதத்தவருக்கும் இது பொருந்தும். வக்கீல் கட்டாயமில்லை, மாவட்ட சமூக நலத்துறையில் உள்ள பாதுகாப்பு அலுவலர் சம்பவ அறிக்கை தயாரித்து நடுவருக்கு அனுப்புவார். நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நடுவரிடமே மனு கொடுக்க முடியும். மனு வந்த மூன்று நாளைக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும், அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் சொல். நடைமுறையில் நாள் தள்ளிப் போகும். அதனால் இடைக்கால உத்தரவு கேட்டுத் தனியாக ஒரு மனுவை முதல் நாளே சேர்த்துக் கொடுங்கள்.

வீடு கணவர் பேரிலோ மாமனார் பேரிலோ இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டிலிருந்து மனைவியைச் சட்ட நடைமுறை இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்கிறது 17-ஆம் பிரிவு. "என் வீடு, வெளியே போ" என்ற மிரட்டலுக்குப் பயந்து இரவோடு இரவாகக் கிளம்பும் பெண்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. அவசரத்துக்கு 181 என்ற எண்ணை அழையுங்கள்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அங்கே பேசி எழுதி வாங்கும் "இனி பிரிந்து இருந்துகொள்கிறோம்" என்ற கடிதம் பிரிவு ஆணை ஆகாது, விவாகரத்தும் ஆகாது. பின்னால் சாட்சியாக உதவலாம், அவ்வளவுதான்.

செலவுக்குப் பணம்

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவைத்தான் ஊரில் எல்லாரும் "ஜீவனாம்சக் கேஸ்" என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. மதுரையில் குடும்ப நீதிமன்றத்திலும், அதன் எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களில் குற்றவியல் நடுவரிடமும் இந்த மனு போகும். தன்னைக் காத்துக்கொள்ள வழியில்லாத மனைவி, பிள்ளைகள், பெற்றோர் கேட்கலாம். திருமணத்தை முறிக்க வேண்டியதில்லை.

2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு விஷயங்கள் இங்கே முக்கியம். இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். பராமரிப்புத் தொகை மனுப் போட்ட தேதியிலிருந்து கணக்காகும். ஆகவே மனுவைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் கேட்கிறவருக்குத்தான் நஷ்டம். கட்டாமல் விட்ட தொகையை வசூலிக்கும் மனுவை, அது கட்டவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். மொத்தமாகச் சேர்த்து மூன்றாம் வருடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தால் பழைய பாக்கி இந்த வழியில் கிடைக்காது.

இந்துப் பெண்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, கணவர் கைவிட்டாலோ, கொடுமை செய்தாலோ, இன்னொரு மனைவி உயிரோடு இருந்தாலோ, மனைவி தனியாக வாழ்ந்துகொண்டே பராமரிப்புக் கேட்கும் உரிமையைத் தருகிறது. இது உரிமையியல் வழக்கு என்பதால் மெதுவாக நகரும்.

பேசித் தீர்த்து எழுதிக்கொள்ளும் பிரிவு ஒப்பந்தம்

இருவருக்கும் பகை முற்றவில்லை, உட்கார்ந்து பேச முடியும் என்றால் இதுவே நல்ல தொடக்கம். ஆனால் அதிகம் பேர் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

முதல் தடுக்கல், எங்கே எழுதுவது என்பது. கடைவீதியில் முத்திரைத்தாள் வாங்கி, டைப் அடித்து, நோட்டரி முத்திரை குத்திய காகிதம் வெறும் ஒப்பந்தம்தான். மீறினால் அதை வைத்து நீங்கள் புதிதாக வழக்குப் போட வேண்டும். அதையே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து, சமரசம் பேசி, மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாகப் பதிந்தால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது, நேரடியாக நிறைவேற்று மனுப் போடலாம். அலைச்சல் இரண்டு மூன்று நாள் கூடும். அந்த அலைச்சல் தகும்.

இரண்டாவது, எப்படி எழுதுவது. "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்கிறோம்" என்ற வரியைப் பழக்கத்தில் எல்லா டைப்பிஸ்ட்களும் முதலில் அடித்துவிடுவார்கள். பரஸ்பர சம்மதத்தில் தனியாக வாழும் மனைவிக்கு 144-ஆம் பிரிவில் பராமரிப்பு கிடையாது என்று அதே பிரிவின் 4-ஆம் உட்பிரிவு சொல்கிறது. அந்த ஒரு வரி பின்னால் கதவை அடைத்துவிடும். பிரிவதற்கான காரணத்தை நாகரிகமான சொற்களில், ஆனால் தெளிவாக எழுதுங்கள். மாதத் தொகை, கட்டும் தேதி, எந்த வங்கிக் கணக்கு, வருடத்துக்கு எவ்வளவு ஏற்றம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். "எனக்கு ஜீவனாம்சம் வேண்டாம்" என்று எழுதித் தருவதால் அந்த உரிமை முற்றாகப் போய்விடுவதில்லை என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள். அதை உடைக்க இன்னொரு வழக்கு ஆகும்.

மூன்றாவது, எதையெல்லாம் எழுத வேண்டும். பிரிந்து வாழத் தொடங்கும் தேதி, இரு முகவரி, பிள்ளைகள் யாரோடு, பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, சனி ஞாயிறும் கோடை விடுமுறையும் எப்படி, மாற்றுச் சான்றிதழ் வாங்க யார் கையெழுத்து, வீட்டுக் கடன் தவணை, பைக் கடன், குழுக் கடன். ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்கும் என்பது 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம்.

நகைக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். "முப்பது சவரன்" என்று மொத்தமாக எழுதினால் சண்டை தீராது. ஒவ்வொரு உருப்படியும், அதன் எடையும், பெண் வீட்டார் போட்டதா, கணவர் வீட்டார் போட்டதா, இப்போது யார் கையில், அடகில் இருந்தால் எந்த வங்கி, கடன் எவ்வளவு என்று வரி வரியாக வரட்டும். பெண்ணுக்குத் திருமணத்தில் வந்த நகையும் பொருளும் அவருடைய சீதனம், அவருக்கே முழு உரிமை. பில் இல்லை என்றால் திருமண ஆல்பத்தில் கழுத்தும் கையும் தெளிவாகத் தெரியும் படங்களைப் பிரதி எடுத்து வையுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்று செய்முறை நோட்டு. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்த மொய் லட்சக்கணக்கில் இருக்கும். வாங்கியதைத் திருப்பிச் செய்யும் கடமை தம்பதி பேரிலேயே நோட்டில் நிற்கும். பிரிந்த பிறகு அத்தை வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது யார்? அந்த நோட்டைப் பிரதி எடுத்து, எந்தப் பக்கத்துச் சொந்தத்துக்கு யார் செய்வது என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துவிட்டால் பின்னால் வரும் பல மனத்தாங்கல்கள் இல்லாமல் போகும்.

வீடோ நிலமோ ஒருவர் பேருக்கு மாற வேண்டும் என்று பேசி முடித்தால், ஒப்பந்தத்தில் எழுதியது போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிய வேண்டும். கணவன் மனைவியாக இருக்கும்போது பதியும் செட்டில்மெண்டுக்குக் குடும்ப உறுப்பினர் சலுகைக் கட்டணம் உண்டு. விவாகரத்துக்குப் பிறகு அந்த உறவே இல்லை.

குடும்ப அட்டையையும் மறக்க வேண்டாம். தனி அட்டை வேண்டுமென்றால் முதலில் பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும். வங்கி, வைப்பு நிதி, காப்பீடு ஆகியவற்றில் வாரிசு நியமனம் யார் பேரில் என்று பாருங்கள். பிரிந்து வாழ்ந்தாலும் திருமணம் முறியாமல் இருக்கும்வரை ஒருவருக்கொருவர் சட்டப்படி வாரிசுதான். வேண்டாமென்றால் உயில் எழுத வேண்டும்.

நீதிமுறைப் பிரிவு

வக்கீல்கள் வாயில் இது ஜுடீசியல் செப்பரேஷன். 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு. தம்பதி சேர்ந்து வாழ வேண்டிய கடமையிலிருந்து இருவரையும் நீதிமன்றம் விடுவிக்கிறது. திருமணம் மட்டும் அப்படியே நிற்கும். மறுமணம் முடியாது. பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகையில் அப்பா அம்மா பெயர் சேர்ந்து வர வேண்டும், மதத்தாலோ மனத்தாலோ விவாகரத்தை ஏற்க முடியவில்லை, ஆனால் கூட இருக்கவும் முடியாது என்பவர்களுக்கு இது ஏற்ற வழி. இதை இங்கே மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது எங்கள் வருத்தம்.

விவாகரத்துக்கு என்ன காரணங்களோ அவையே இதற்கும்: கொடுமை, இரண்டாண்டு கைவிடல், பிறரோடு உறவு, மதமாற்றம் முதலியன. இரண்டு பேரும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்து வாங்கும் முறை 10-ஆம் பிரிவில் இல்லை. காரணத்தைச் சொல்லி நிரூபிக்க வேண்டும். திருமணமாகி ஓராண்டு ஆகாதவர்கள் சாதாரணமாக விவாகரத்து மனுப் போட முடியாது. நீதிமுறைப் பிரிவுக்கு அந்தத் தடை இல்லை.

எங்கே போடுவது? திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், மனைவி மனுதாரர் என்றால் அவர் இப்போது வசிக்கும் இடம். திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டி, திருப்பூரில் குடித்தனம் செய்து, இப்போது மனைவி திருமங்கலத்தில் தாய்வீட்டில் இருந்தால் அவர் திருப்பூருக்கு அலைய வேண்டியதில்லை.

திருமணப் பத்திரிகை, தாலி கட்டும் படம், திருமணப் பதிவுச் சான்று, இருவரின் ஆதார், குழந்தைகளின் பிறப்புச் சான்று, சம்பவங்களைத் தேதி வாரியாக எழுதிய குறிப்பு, மருத்துவச் சீட்டுகள், கைபேசிச் செய்திகளின் பிரதி ஆகியவற்றை ஒரு கோப்பில் சேருங்கள். பதிவுச் சான்று இல்லையென்று பயப்பட வேண்டாம், பத்திரிகையும் படமும் சாட்சியும் போதும். சுயமரியாதைத் திருமணம் என்றால் 7ஏ பிரிவின்படி நடந்தது என்று மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். "தினமும் கொடுமை செய்தார்" என்று பொதுவாக எழுதிய மனு குறுக்கு விசாரணையில் நிற்காது. எந்த மாதம், எந்த வீட்டில், யார் முன்னால் என்பதுதான் நிற்கும்.

மனுவுக்கு எண் கிடைத்ததும் எச்.எம்.ஓ.பி. எண்ணையும் (இந்துத் திருமண மனு எண்), ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் குறித்துக்கொண்டால் வாய்தாத் தேதியை இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம். அழைப்பாணை வந்தும் போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். நீதிமன்றம் முதலில் சமரசத்துக்கு அனுப்பும். அங்கே பேசியது இரகசியம், வழக்கில் சாட்சியாக வராது. வழக்கு நடக்கும் காலத்துக்கு 24-ஆம் பிரிவில் இடைக்காலப் பராமரிப்பும் வழக்குச் செலவும் கேட்கலாம். வருமானமில்லாத கணவரும் கேட்கலாம். ஆணையோடு நிரந்தரப் பராமரிப்பு 25-ஆம் பிரிவிலும், பிள்ளைகளுக்கான உத்தரவு 26-ஆம் பிரிவிலும் கிடைக்கும்.

ஆணை வந்தபின் ஓராண்டு சேராமல் இருந்துவிட்டால், அதையே காரணமாக வைத்து இருவரில் யார் வேண்டுமானாலும் விவாகரத்துக் கேட்கலாம், வழக்குப் போடாதவரும்கூட. விவாகரத்தே வேண்டாம் என்ற உறுதியில் இந்த வழிக்கு வருகிறவர்கள் இதை யோசித்துத்தான் வர வேண்டும். பிரிந்து வாழும் மனைவியைச் சம்மதமில்லாமல் கணவர் உடலுறவுக்கு உட்படுத்தினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 67-ஆம் பிரிவில் இரண்டு முதல் ஏழாண்டு வரை சிறை.

ஏமாற்றி நடந்த திருமணம்

முந்தைய திருமணத்தையோ தீவிர மனநோயையோ ஆண்மைக் குறைவையோ மறைத்திருந்தால் விவாகரத்து தேவையில்லை, திருமணமே செல்லாது என்று கேட்கலாம். முதல் மனைவி அல்லது கணவர் உயிரோடு இருக்க நடந்தது இந்துத் திருமணச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் தொடக்கத்திலிருந்தே செல்லாது. மோசடியோ வற்புறுத்தலோ இருந்தால் 12-ஆம் பிரிவு. மோசடி தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வர வேண்டும். தெரிந்த பிறகும் மனமொத்துக் குடும்பம் நடத்தியிருந்தால் மனு நிற்காது. "ஊர் என்ன சொல்லும்" என்று தயங்கியே இந்த ஓராண்டைப் பலர் தொலைக்கிறார்கள். பிறந்த குழந்தைகள் சட்டப்படியான குழந்தைகளே, அதில் பயம் வேண்டாம்.

"சேர்ந்து வாழ வா" என்று நோட்டீஸ் வந்தால்

இந்துத் திருமணச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் சேர்ந்து வாழ உத்தரவு கேட்கும் மனு இது. உண்மையாகவே சேர விரும்புகிறவர்களும் போடுகிறார்கள், ஜீவனாம்ச வழக்குக்கு எதிராகத் தற்காப்பாகவும் போடுகிறார்கள். தீர்ப்பானாலும் யாரையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போக முடியாது. ஆனால் பதில் கொடுக்காமல் இருப்பது தவறு. ஏன் போக முடியாது என்பதைப் பதில் அறிவிப்பில் எழுதுங்கள். இப்படி ஓர் ஆணை இருப்பதாலேயே மனைவியின் பராமரிப்பு உரிமை போய்விடாது, போகாததற்குத் தக்க காரணம் உண்டா என்பதைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது.

பெரியவர்கள் கூடித் தீர்த்துவிட்டது செல்லுமா?

மதுரையைச் சுற்றிய கிராமங்களில் இரு வீட்டாரும் உட்கார்ந்து, சீர்சாமான் கணக்குப் பார்த்து, தாலியை வாங்கிக்கொண்டு "அத்துவிடுவது" சில சமூகங்களில் பழைய வழக்கம். வழக்காற்று விவாகரத்தை இந்துத் திருமணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஏற்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தில் அந்த வழக்காறு தொன்றுதொட்டு இருக்கிறது என்பதைச் சொல்கிறவரே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாமல் போய், அதற்குள் மறுமணமும் ஆகியிருந்தால், இருதார மணக் குற்றம்: ஏழாண்டு வரை சிறை. இரண்டாம் மனைவிக்கு மனைவி என்ற உரிமையும் இருக்காது. உங்கள் சமூகத்தில் வழக்காறு உண்மையிலேயே இருந்தால், மறுமணத்துக்கு முன்னால் அந்த விவாகரத்து செல்லும் என்று அறிவிக்கும் விளம்புகைத் தீர்ப்பைக் குடும்ப நீதிமன்றத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவர்களும் இஸ்லாமியர்களும்

கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 22-ஆம் பிரிவில் நீதிமுறைப் பிரிவு உண்டு. திருச்சபைத் தீர்ப்பாயம் திருமணம் செல்லாது என்று கொடுக்கும் முடிவு சபைக்குள் மட்டும்தான். சட்டப்படி செல்ல உரிமையியல் நீதிமன்ற ஆணை வேண்டும். முஸ்லிம் சட்டத்தில் நீதிமுறைப் பிரிவு என்று தனியாக இல்லை. பராமரிப்புக்கு 144-ஆம் பிரிவும் குடும்ப வன்முறைச் சட்டமும் முஸ்லிம் பெண்களுக்கும் திறந்தே இருக்கின்றன. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி செல்லாது, குற்றமும் ஆகும். குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு) கேட்கும் பெண்கள் ஜமாத் சான்றோடு நின்றுவிடாமல் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பது 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தவர்களுக்கு நீதிமுறைப் பிரிவு அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் உண்டு.

முதல் படியை எங்கே வைப்பது

வக்கீல் கட்டணத்துக்குக் கையில் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பின்மேல் மேல்முறையீடு 30 நாளைக்குள், உலகனேரியில் உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில்.

மறுபடி சேர்ந்துவிட்டால்

இதுவும் நடக்கிறது, பிரிவு வழிகளின் நன்மையே அதற்கு இடம் வைத்திருப்பதுதான். வழக்கு நிலுவையில் இருந்தால் சேர்ந்துவிட்டதாக இருவரும் கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் பதிந்து மனுவைத் திரும்பப் பெறுங்கள். நீதிமுறைப் பிரிவு ஆணை ஏற்கெனவே வந்திருந்தால் 10-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். சேர்ந்த தேதி எழுத்தில் இல்லையென்றால், பின்னொரு நாள் கசப்பு வரும்போது "ஓராண்டாகச் சேரவே இல்லை" என்று ஒருவர் விவாகரத்துக்குப் போக இடமிருக்கும். மாதப் பராமரிப்பு உத்தரவு இருந்தால் அதற்கும் தனியாக மனுக் கொடுத்து மாற்ற வேண்டும். கொடுக்காவிட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும். குடும்ப அட்டையில் பெயரைத் திரும்பச் சேர்ப்பது கடைசி வேலை.